வெளிநாட்டு நிதியில் நடக்கும் எச்.ஐ.வி. திட்டத்தை மதிப்பிடுவது எப்படி? மலாவியை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஜூன் மாதம் முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. மருந்துக்கான பணத்தில் பெரும்பகுதி, எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஒழிப்புக்கு நிதி தரும் பன்னாட்டு அமைப்பான குளோபல் ஃபண்டிலிருந்து வந்தது. பிரிட்டன், நார்வே போன்ற நாடுகள் சுகாதார அமைச்சகத்தின் பொதுத் தொகுப்பில் பணம் போட்டன. அமெரிக்காவின் பெப்ஃபார் திட்டம் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் வழியாகச் செலவழித்தது. 2015-16இல் வீடுவீடாக நடந்த கணக்கெடுப்பில், எச்.ஐ.வி. உள்ள பெரியவர்களில் ஏறத்தாழ 77 சதவீதம் பேருக்குத்தான் தங்கள் நிலை தெரிந்திருந்தது. 2020-21 கணக்கெடுப்பில் அது 88 சதவீதம் ஆனது. நிலை தெரிந்தவர்களில் 98 சதவீதம் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். அவர்களில் 97 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் வைரஸ் அளவு கட்டுக்குள் இருந்தது.

ஏழை நாடு ஒன்று இந்த இடத்துக்கு வந்தது பெரிய சாதனை. ஆனால் எந்தப் பணம் எதைச் செய்தது, அந்தப் பணம் நின்றால் எது மிஞ்சும் என்ற இரண்டு கேள்விகளுக்கு இந்த எண்களில் பதில் கிடையாது. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்திவைத்தபோது, அதுவரை மதிப்பீட்டு அறிக்கைகளின் கடைசிப் பக்கங்களில் கிடந்த இரண்டாவது கேள்வி ஒரே வாரத்தில் மருத்துவமனை வாசலுக்கு வந்துவிட்டது. அந்தக் கேள்வியை முதல் நாளிலிருந்தே கையில் வைத்துக்கொண்டு மதிப்பீடு செய்யும் முறையைத்தான் இங்கே சொல்கிறோம். மலாவியை எடுத்துக்கொள்ளக் காரணம், அங்கே பதிவேடுகளை ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். ஜாம்பியாவிலோ மொசாம்பிக்கிலோ வேலை செய்பவர்களுக்கும் இதே படிகள் பொருந்தும்.

படி 1: கேள்விகளைக் குறையுங்கள்

பணம் தரும் அமைப்புகள் அனுப்பும் பணிக் குறிப்பில் இருபது, முப்பது கேள்விகள்கூட இருக்கும். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான அமைப்பான ஓஇசிடியின் ஆறு அளவுகோல்களை (பொருத்தம், ஒத்திசைவு, பயன், சிக்கனம், தாக்கம், நிலைத்தன்மை) அப்படியே ஆறு அத்தியாயமாக்கிவிடுவது வழக்கம். இவற்றில் ஒத்திசைவு 2019இல்தான் சேர்ந்தது. அளவுகோல்கள் நல்லவைதான். எல்லாவற்றுக்கும் சம இடம் கொடுப்பதுதான் தவறு. எழுதி எழுதி ஆறும் மேலோட்டமாகிவிடும்.

ஐந்துக்கு மேல் கேள்வி வேண்டாம். இரண்டு, மக்கள் உயிரைப் பற்றியவை: சிகிச்சை தொடங்கியவர்களில் எத்தனை பேர் இன்றும் உயிரோடு மருந்து எடுக்கிறார்கள்? புதிய தொற்று குறைந்திருக்கிறதா? இரண்டு, அமைப்பைப் பற்றியவை: இந்தப் பணத்தால் அமைச்சகத்தின் ஆள், மருந்து, தகவல் ஏற்பாடுகள் வலுத்தனவா, அல்லது அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு ஏற்பாடு முளைத்ததா? எச்.ஐ.வி. அல்லாத சேவைகளுக்கு என்ன ஆயிற்று? கடைசிக் கேள்வி, பணம் நின்றால் எவை தொடரும் என்பது. முதல் கூட்டத்திலேயே இவற்றுக்கு அமைச்சகத்திடமும் நிதி தருபவரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பாதி வழியில் கேள்வி மாறினால் மாதிரித் தேர்வு முழுவதும் வீணாகும்.

படி 2: பணம் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்

2013இல் மலாவி அரசுக் கருவூலத்தில் 'கேஷ்கேட்' எனப்படும் பெரிய மோசடி வெளிப்பட்டது. அதன்பின் நன்கொடை நாடுகள் தங்கள் பணத்தை அரசு வழியிலிருந்து விலக்கிக்கொண்டன. திட்டத்தின் பெயர் பழையதாகவே இருந்தாலும், பணம் வரும் வழி மாறியிருக்கலாம். அதனால் ஒவ்வொரு செலவையும் மூன்றில் ஒன்றாகப் பிரியுங்கள்: கருவூலம் வழி, கூட்டு நிதி வழி, நேரடியாகத் தொண்டு நிறுவனம் வழி.

அடுத்து, தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு வரி என்று அட்டவணை போடுங்கள். என்ன பணி, யார் சம்பளம் தருகிறார், யாருடைய சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கிறது, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, அரசில் அப்படி ஒரு பணியிடம் உண்டா என்ற ஐந்து கட்டங்கள் போதும். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் உதவியாளர்கள், வராத நோயாளிகளைத் தேடிப் போகும் களப்பணியாளர்கள், தரவு பதியும் எழுத்தர்கள் ஆகியோரின் சம்பளம்தான் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும். மொத்த மதிப்பீட்டிலும் இவ்வளவு பயன் தரும் தாள் வேறில்லை. படி 8இல் இது மீண்டும் தேவைப்படும்.

செலவுக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. மருந்து டாலரில் வாங்கப்படுகிறது, சம்பளம் மலாவியின் நாணயமான குவாச்சாவில் தரப்படுகிறது. 2023 நவம்பரில் குவாச்சாவின் மதிப்பு குறைக்கப்பட்டு, ஒரு டாலருக்குத் தர வேண்டிய குவாச்சா ஒரே நாளில் 44 சதவீதம் கூடியது. டாலரில் மட்டும் பார்த்தால் ஒரு நோயாளிக்கான ஆண்டுச் செலவு சட்டென்று இறங்கும். அதைத் திட்டத்தின் சிக்கனம் என்று எழுதிவிடாதீர்கள். அங்கே நடந்தது செவிலியரின் வாங்கும் சக்தி விழுந்ததுதான். இரண்டு நாணயத்திலும் காட்டுங்கள். விலைவாசியைக் கழித்த தொகையையும் சேர்த்துக் காட்டுங்கள்.

படி 3: காரணச் சங்கிலியை அம்பு அம்பாக எழுதுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2007இல் சுகாதார அமைப்பை ஆறு கூறுகளாகப் பிரித்தது: சேவை, பணியாளர், தகவல், மருந்துகள், நிதி, நிர்வாகம். அந்த ஆறு பெட்டிகளை வரைந்து அம்புகளால் இணைப்பது எளிது. ஒவ்வொரு அம்புக்கும் மூன்று விஷயங்களை எழுதும்போதுதான் அது மதிப்பீடாகிறது: விளைவு தெரிய எவ்வளவு காலமாகும், இதே விளைவை வேறு எது தந்திருக்கலாம், எதைப் பார்த்தால் இந்த அம்பு பொய் என்று தெரியும்.

மலாவியின் அவசரப் பணியாளர் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2004இல் தொடங்கிய இத்திட்டத்தில் 11 வகைப் பணியாளர்களுக்குச் சம்பளத்தின் மேல் 52 சதவீதம் கூடுதலாகத் தரப்பட்டது. அதே காலத்தில் பயிற்சிக் கல்லூரிகள் விரிவாக்கப்பட்டன, வெளிநாட்டு மருத்துவர்களும் தற்காலிகமாக வந்தார்கள். அந்த 11 வகைகளில் பணியாளர் எண்ணிக்கை 2004இல் 5,453ஆக இருந்தது, 2009இல் 8,369 ஆனது. 53 சதவீத உயர்வு.

இந்த உயர்வு எங்கிருந்து வந்தது? கூடுதல் சம்பளத்தால் என்றால், வேலையை விட்டுப் போவோர் குறைந்திருக்க வேண்டும். அது முதல் ஓரிரு ஆண்டிலேயே தெரியும். கல்லூரி விரிவாக்கத்தால் என்றால், புதிதாகப் படித்து வருவோர் கூடியிருக்க வேண்டும். மூன்று நான்கு ஆண்டு கழித்துத்தான் அது தெரியும். சேர்ந்தோர், விலகியோர் பட்டியலை ஆண்டுவாரியாகத் தனித்தனியே வாங்கினால் இரண்டும் பிரிந்துவிடும். மொத்த எண்ணிக்கையை மட்டும் வைத்தால் பிரியவே பிரியாது. கிராம அளவிலான நலக் கண்காணிப்பு உதவியாளர்களைக் கணக்கில் சேர்த்தீர்களா என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். அதே காலத்தில் அவர்கள் ஏறத்தாழ இருமடங்கானார்கள். அவர்களைச் சேர்த்தால் ஒரு கதை, விட்டால் வேறொரு கதை. மக்கள்தொகையும் கூடிக்கொண்டே போனதால், ஆயிரம் பேருக்கு எத்தனை பணியாளர் என்றும் காட்டியாக வேண்டும்.

படி 4: பதிவேட்டை நீங்களே எண்ணுங்கள்

நேரத்தை அதிகம் ஒதுக்க வேண்டிய படி இதுதான். கணினித் திரையில் வரும் எண்ணை நம்பி எழுதிய அறிக்கை முதல் கேள்வியிலேயே சரிந்துவிடும்.

முதலில் வரையறை. மலாவி அமைச்சகத்தின் கணக்கில், கையிலிருந்த மருந்து தீர்ந்து இரண்டு மாதம் கடந்தால்தான் ஒருவர் 'விடுபட்டவர்'. பெப்ஃபார் கணக்கில், வர வேண்டிய நாளிலிருந்து 28 நாள் தாண்டினாலே சிகிச்சை தடைப்பட்டவர். மார்ச் 1 அன்று மருந்து தீர்ந்த ஒரு பெண் மார்ச் 31 வரை வரவில்லை என்று வையுங்கள். காலாண்டு முடியும் அன்று அமைச்சகத்துக்கு அவர் சிகிச்சையில் இருப்பவர், பெப்ஃபாருக்கு இல்லாதவர். ஒரே மருத்துவமனை, ஒரே நாள், இரண்டு எண்கள், இரண்டும் சரி. பெப்ஃபாரே முன்பு 90 நாள் விதியை வைத்திருந்து பிறகுதான் 28 நாளுக்கு மாறியது. அந்த மாற்றம் நடந்த ஆண்டில் தெரியும் ஏற்ற இறக்கத்துக்கு மருத்துவக் காரணம் தேட வேண்டியதில்லை.

ஆறு மாத மருந்தை ஒரேயடியாகக் கொடுக்கும் முறை வந்தபின் இன்னொரு சிக்கல். ஜனவரி 10இல் மருந்து வாங்கிய ஒருவர் மறுநாளே நிறுத்திவிட்டாலும், மார்ச், ஜூன் இரண்டு காலாண்டு அறிக்கைகளிலும் சிகிச்சையில் இருப்பவராகவே எண்ணப்படுவார். நோயாளிக்கு இந்த முறை பெரிய உதவி. பேருந்துச் செலவும் நாள் கூலி இழப்பும் மிச்சம். மதிப்பீட்டாளர்தான், கையிலிருக்கும் எண் அரை ஆண்டுப் பழையது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவமனைகளைத் தேர்ந்தெடுக்கும்போது பெரியது, சிறியது, அரசு, கிறிஸ்தவ மிஷன் என நான்கு வகையும் வரட்டும். மலாவியில் மிஷன் மருத்துவமனைகளை விட்டுவிட்டால் நாட்டின் சேவையில் பெரும்பங்கு விட்டுப்போகும். நோயாளர் அட்டைகள் 500க்குள் இருந்தால் எல்லாவற்றையும் எண்ணுங்கள். கூடுதலாக இருந்தால் சீரான இடைவெளியில் எடுங்கள். ஒரு விகிதத்தைக் கூட்டியோ குறைத்தோ 5 சதவீதப் புள்ளிக்குள் சொல்ல 384 அட்டை வேண்டும், 10 புள்ளி போதுமென்றால் 96. பல மருத்துவமனைகளிலிருந்து திரட்டும்போது ஒரே இடத்து நோயாளிகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அதனால் இந்த எண்ணை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்குங்கள்.

மேசையில் அட்டைகளை ஐந்து அடுக்காகப் பிரியுங்கள்: உயிரோடு சிகிச்சையில், இறந்தவர், வேறிடம் மாறியவர், தானாக நிறுத்தியவர், விடுபட்டவர். அந்த மருத்துவமனைச் செவிலியரும் எழுத்தரும் உடன் உட்கார்ந்து எண்ணட்டும். பல ஆண்டுகளாக மலாவியின் காலாண்டு மேற்பார்வைக் குழுக்கள் இப்படித்தான் ஊழியர்களோடு சேர்ந்து எண்ணி வந்தன. அந்த நாட்டுத் தரவின் தரத்துக்கு இதுவே முதன்மைக் காரணம் என்பது எங்கள் கணிப்பு. எண்ணி முடித்ததும், நீங்கள் எண்ணியதை அறிக்கையில் இருந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 0.90க்கும் 1.10க்கும் இடையில் வந்தால் ஏற்கலாம். அறிக்கையில் 1,240 பேர், எண்ணியதில் 1,085 பேர் என்றால் 0.875, அறிக்கை கூட்டிச் சொல்லியிருக்கிறது.

மாவட்ட சராசரியைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். ஓரிடத்தில் 0.8, இன்னோரிடத்தில் 1.2 என்றால் சராசரி அழகாக 1.0 காட்டும். பிழை வரும் இடங்களும் பெரும்பாலும் தெரிந்தவைதான். சொல்லாமல் வேறு மருத்துவமனைக்குப் போனவர் இங்கே விடுபட்டவராகவும் அங்கே புதியவராகவும் பதிவாவார். இறப்புச் செய்தி வராததால் இறந்தவரும் விடுபட்டவர் அடுக்கில் கிடப்பார். கணினியும் காகிதமும் சேர்ந்து ஓடும் இடத்தில் ஒருவரே இரண்டு முறை எண்ணப்படுவார்.

அதனால் விடுபட்டவர் அடுக்கிலிருந்து 30 அட்டையைக் குலுக்கலில் எடுத்து, அவர்கள் என்ன ஆனார்கள் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். வீடு தேடிப் போக வேண்டியது நீங்கள் அல்ல. அந்த மருத்துவமனையின் பணியாளர் மட்டும், வீட்டுக்கு வரலாம் என்று முன்பே சம்மதித்த நோயாளியிடம் மட்டும், எதற்காக வந்தேன் என்று அக்கம்பக்கத்தில் வாய் திறக்காமல் போக வேண்டும். உங்கள் தாளில் பெயரும் ஊரும் வரவே கூடாது. ஒரு மதிப்பீட்டால் ஒருவரது நிலை ஊருக்குத் தெரிந்துவிட்டால் அந்தத் தீங்கை எந்தக் கண்டுபிடிப்பும் ஈடுசெய்யாது.

வைரஸ் அளவுக் கணக்கில், வகுக்கும் எண் எது என்று பாருங்கள். 'பரிசோதித்தவர்களில் 95 சதவீதம் கட்டுக்குள்' என்பது நல்ல செய்தி போலத் தெரியும். பரிசோதிக்க வேண்டியவர்களில் பாதிப் பேருக்குத்தான் ரத்தம் எடுத்திருந்தால், எடுக்காத பாதியில்தான் மருந்தை விட்டவர்கள் அதிகம் இருப்பார்கள். இரண்டு விகிதத்தையும் அடுத்தடுத்து அச்சிடுங்கள். கூடவே 50 மாதிரிகளுக்கு நான்கு தேதிகளை எழுதுங்கள்: ரத்தம் எடுத்த நாள், ஆய்வகம் சேர்ந்த நாள், முடிவு திரும்பிய நாள், நோயாளிக்குச் சொன்ன நாள். கடைசி இரண்டு தேதிகளுக்கு நடுவில்தான் வாரக்கணக்கில் தாள்கள் கோப்பில் தூங்கும்.

படி 5: திட்டம் இல்லாதிருந்தால்?

நாடு முழுவதும் ஒரே நேரத்தில் நடந்த திட்டத்துக்குத் தூய ஒப்பீட்டுக் குழு கிடைக்காது. கிடைப்பதைக் கொண்டு நேர்மையாகச் செய்ய வேண்டும்.

மலாவி 2011 ஜூலையில், எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நோயெதிர்ப்பு அணு எண்ணிக்கையைப் பார்க்காமல் வாழ்நாள் சிகிச்சையைத் தொடங்கியது. இப்படி ஒரு நாளில் வந்த மாற்றத்துக்குக் காலவரிசை ஆய்வு பொருந்தும். முன்னால் குறைந்தது 12 மாதத் தரவு, பின்னால் 12 மாதம் வேண்டும். மழைக்காலத்தில் மலேரியாவும் கூடும், சாலைகளும் கெடும், வீட்டில் தானியமும் தீரும். அதனால் இருபுறமும் 24 மாதம் இருந்தால் நல்லது. அதே மாதங்களில் வேறென்ன மாறியது என்ற பட்டியலையும் பக்கத்தில் வையுங்கள்.

மாவட்டங்களை ஒப்பிடுவதானால், நன்கொடையாளர்கள் தொற்று அதிகமுள்ள மாவட்டங்களைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்பதை மறக்காதீர்கள். நிலையை நிலையோடு ஒப்பிடாமல், மாற்றத்தை மாற்றத்தோடு ஒப்பிடுங்கள். திட்டத்துக்கு முன்பே இரண்டு வகை மாவட்டங்களும் ஒரே போக்கில் நகர்ந்தனவா என்று பார்த்த பிறகே அதைச் செய்யுங்கள். திட்டம் தொட முடியாத ஒன்றையும், சாலை விபத்துக் காயங்களுக்கு வந்தோர் எண்ணிக்கை போல, அதே கணக்கில் போட்டுப் பாருங்கள். அதிலும் 'விளைவு' தெரிந்தால் உங்கள் கணக்கில் கோளாறு.

தட்டம்மைத் தடுப்பூசி, நான்கு முறை கர்ப்பகாலப் பரிசோதனை, மருத்துவமனைப் பிரசவம் ஆகியவற்றை இதே முறையில் கணக்கிட்டால் படி 1இன் நான்காவது கேள்விக்குப் பதில் வரும்.

படி 6: மருந்து அறைக்குள் ஒரு மணி நேரம்

ஏழு பொருட்கள் போதும்: எச்.ஐ.வி. கூட்டு மாத்திரை, எச்.ஐ.வி. பரிசோதனைக் கிட், கோட்ரிமாக்சசோல் (தொற்றுகளைத் தடுக்கும் மாத்திரை), மலேரியா மாத்திரை, ஆக்ஸிடோசின் (பிரசவ ரத்தப்போக்கைத் தடுக்கும் மருந்து), அமாக்சிசிலின் (பொதுவான நுண்ணுயிர்க்கொல்லி), கையுறை. ஒவ்வொன்றுக்கும் அலமாரியில் இருப்பதை எண்ணுங்கள், இருப்பு அட்டையோடு ஒப்பிடுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள். கடந்த 180 நாளில் எத்தனை நாள் இருப்பு பூஜ்யம் என்று அட்டையிலிருந்தே எழுதுங்கள். சராசரி மாதச் செலவைக் கணக்கிடும்போது இருப்பில்லாத நாட்களைக் கழித்துவிடுங்கள். கழிக்காவிட்டால், இல்லாததால் கொடுக்காததைத் தேவையே இல்லை என்று கணக்கு சொல்லும். அடுத்த ஒதுக்கீடும் அதே அளவு குறையும்.

கூட்டு மாத்திரை ஒரு நாளும் தீரவில்லை, அதே அறையில் அமாக்சிசிலின் 40 நாள் இல்லை என்று வந்தால், அது ஊர்க் குளத்தைத் தூர்வாராமல் ஒரு தெருவுக்கு மட்டும் தனிக்குழாய் போட்ட கதைதான். அந்தத் தெருவில் உயிர்கள் பிழைத்திருக்கின்றன, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் 'சுகாதார அமைப்பு வலுப்பெற்றது' என்ற வரியை அறிக்கையில் எழுதவும் கூடாது. மலாவியின் அலமாரிகளில் நிற்கும் எச்.ஐ.வி. மருந்து டப்பாக்களில் மிகப் பெரும்பாலானவை இந்திய நிறுவனங்கள் தயாரித்தவை. விலை இறங்கியதில் அவற்றுக்குப் பெரிய பங்குண்டு. செலவு குறைந்ததன் முழுப் பெருமையையும் திட்டத்துக்கே கொடுத்துவிடாமல் இருக்க இது நினைவில் இருக்கட்டும்.

படி 7: பேசுங்கள்

மனிதர்களிடம் தகவல் சேகரிக்க தேசிய சுகாதார அறிவியல் ஆய்வுக் குழுவின் அனுமதி தேவைப்படும். அதற்கான காலத்தைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே ஒதுக்குங்கள். செவிலியரிடம் பொறுப்பு மருத்துவர் இல்லாதபோது தனியாகப் பேசுங்கள். நோயாளியிடம் மருந்து வாங்கும் வரிசையில் நிறுத்திப் பேசாதீர்கள். தெற்கிலும் நடுப்பகுதியிலும் சிச்சேவா, வடக்கில் டும்புகா தெரிந்தவர்களே கேட்கட்டும். 'சேவை திருப்தியா?' என்றால் 'ஆம்' என்றுதான் பதில் வரும். 'கடைசியாக வந்தபோது எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்? வழிச்செலவு எவ்வளவு? கேட்ட மருந்து எல்லாம் கிடைத்ததா?' என்று கேளுங்கள்.

படி 8: பணம் நாளை நின்றால்?

படி 2இல் போட்ட ஊழியர் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு பணிக்கும் நேராக மூன்று பதில்கள் எழுதுங்கள்: நாளைக் காலை இதை யார் செய்வார், அரசில் அதற்குப் பணியிடம் இருக்கிறதா, ஆண்டுச் செலவு மாவட்ட சுகாதார பட்ஜெட்டில் எத்தனை சதவீதம். பரிசோதனை உதவியாளர் போனால் செவிலியர் செய்வார் என்று எளிதாக எழுதிவிடலாம். அதே செவிலியர் காலையில் பிரசவ அறையில் இருக்கிறாரா என்று பணிப் பட்டியலைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

2025இன் நிறுத்தம் இதற்கு உண்மையான சோதனை. ஜனவரிக்கு முந்தைய ஆறு மாதத்தையும் பிந்தைய ஆறு மாதத்தையும் மாதவாரியாக எடுத்து, பரிசோதனை எண்ணிக்கை, புதிதாகச் சிகிச்சை தொடங்கியோர், வைரஸ் அளவுப் பரிசோதனை, அறிக்கை வந்த மருத்துவமனைகளின் விகிதம் ஆகிய நான்கையும் பாருங்கள். நான்காவதை முதலில் பாருங்கள். தரவு எழுத்தர் போன இடத்தில் அறிக்கையே வராது. நோயாளி குறைந்தது போன்ற தோற்றம் வரும். சரியாத மருத்துவமனைகளும் சில இருக்கும். அவை ஏன் சரியவில்லை என்று நேரில் போய்ப் பார்ப்பது, சரிந்தவற்றை எண்ணுவதைவிடப் பயனுள்ள வேலை.

படி 9: எழுதுவதும் திருப்பிக் கொடுப்பதும்

முதல் ஐந்து பக்கத்தில் ஐந்து கேள்விக்கும் பதில் இருக்கட்டும். ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்பதை 'உறுதி', 'ஓரளவு', 'குறிப்பு மட்டும்' என்று குறியுங்கள். அமைச்சகமோ நிதி தந்தவரோ ஒரு முடிவை மறுத்தால், அந்த மறுப்பையும் அவர்கள் சொற்களிலேயே இணைப்பில் அச்சிடுங்கள். வரைவைப் பார்த்து 'தொனியை மாற்றுங்கள்' என்பார்கள், மாற்றலாம். எண்ணை மாற்றச் சொன்னால், மாற்றுவதற்குப் பதிவேட்டுப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

அறிக்கை தலைநகரில் வெளியாவதற்கு முன்பே, எண்ண உதவிய ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அவர்களுடைய ஒரு பக்கத் தாள் போய்ச்சேர வேண்டும். ஐந்து அடுக்கின் எண்கள், வகுத்து வந்த விகிதம், மருந்து அறையின் ஏழு பொருள், திருத்த வேண்டிய மூன்று இடங்கள் அதில் இருந்தால் போதும். எண்ணி முடித்த அன்றே கையால் எழுதி, ஒரு நகலைச் செவிலியரிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அடுத்த மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.